பைனாகுலர் வாங்கும் முன்: எட்டு மடங்கா, பத்து மடங்கா?

பறவை நோக்கலுக்கு என்னுடன் வரும் புதியவர்களில் பெரும்பாலோர், எண் பெரிதாக இருந்தால் பறவையும் நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் பைனாகுலர் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். கருவியின் மேல் 8×42 என்று பொறித்திருந்தால், அது எட்டு மடங்கு உருப்பெருக்கத்தையும் 42 மி.மீ. விட்டமுள்ள முன் லென்சையும் குறிக்கும். 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை எட்டு மடங்கில் 10 மீட்டரிலும், பத்து மடங்கில் 8 மீட்டரிலும் இருப்பதுபோலத் தெரியும். அந்த இரண்டு மீட்டருக்காகப் பார்வைப் பரப்பு குறுகுகிறது, கை நடுக்கம் கூடுதலாகத் தெரிகிறது. ஒளியும் குறைகிறது: 42ஐ எட்டால் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2, கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர்தான் என்பதால், விடியலிலும் காட்டு நிழலிலும் இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும்.

ஒருமுறை வேலிப்புதரில் தையல்சிட்டு கத்திக்கொண்டிருக்க, பன்னிரண்டு மடங்குக் கருவி வைத்திருந்த நண்பர் இலை இலையாகத் துழாவினார். வாலைத் தூக்கியபடி கிளைக்குக் கிளை தாவிய அந்தக் குருவியை எட்டு மடங்கில் பார்த்தவர்கள் அதன் செம்பழுப்பு உச்சந்தலையைக் கூடக் கண்டுவிட்டார்கள். அவர் கண்டது அசையும் இலைகளை மட்டுமே.

கோடியக்கரையின் சேற்றுப் பரப்பில் தொலைவில் மேயும் உள்ளான்களைப் பிரித்தறியப் பத்து மடங்கு உதவும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு மேல் போனால் கருவியைத் தாங்க முக்காலி வேண்டும்.

மலிவு விலையில் '30×60' என்று விற்கப்படும் கைக்கடக்கமான கருவிகளைக் குறித்து மிகுந்த எச்சரிக்கை தேவை. ஒருவர் கொண்டுவந்ததை அளவுகோல் வைத்துப் பார்த்தோம்; முன் லென்சின் விட்டம் 60 மி.மீ. இல்லை, ஏறத்தாழ 20 மி.மீ. தான். உருப்பெருக்கத்தையும் இப்படியே சோதிக்கலாம்: கருவியை வெளிச்சத்தை நோக்கிக் கையெட்டும் தூரத்தில் பிடித்தால் கண் வைக்கும் பக்கத்தில் சிறிய ஒளிவட்டம் தெரியும், முன் லென்சின் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு கிடைத்துவிடும். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் பிடிக்கக் கூடாது.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியைக் கழற்றாமலே, கண் குவளையை (கண் வைக்கும் பக்கத்திலுள்ள வளையத்தை) முழுதும் உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். காட்சியின் விளிம்பு வெட்டுப்பட்டால் அந்தக் கருவி உங்களுக்கு ஒத்துவராது. கடையின் வாசலுக்கு வந்து, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப் பலகையின் சிறிய எழுத்தை இரண்டு நிமிடம் விடாமல் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.