மூணு தடவ மூடுன குழி

எங்க ஊரு மதுரைக்குத் தெக்க இருக்குற ஒரு சின்ன நகராட்சி, பேரு வேணாம், வம்பு. மாசாமாசம் நகர்மன்றக் கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி கவுன்சிலர் கைக்கு அஜெண்டா வந்துரும், அவரு டீக்கடையில உக்காந்து குடிச்சுட்டு அதை அப்படியே பெஞ்சுல போட்டுட்டுப் போயிருவாரு, நான் எடுத்து வரி விடாம படிப்பேன். ஒரு பொழுதுபோக்குதான். தெருவிளக்கு மாத்துன செலவு, தண்ணித் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் வாங்குனது, போர் மோட்டாருக்கு காயில் கட்டுனது, வாறுகால் தூர் வார ஆள் எடுத்தது, இப்படி நாப்பது அம்பது அயிட்டம் இருக்கும். அதுல ஒண்ணு மட்டும் ஒரே வருசத்துல மூணு தடவ வந்துச்சு. "பள்ளி அருகே பழுதடைந்த சாலையில் ஒட்டுப்பணி மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு." அதே தெரு, அதே எடம், அதே குழி.

அதுக்கு முந்தி அங்க குழியே கெடையாது. ஸ்கூல் புள்ளைக ரோட்டைத் தாண்டுதுகன்னு பெத்தவங்க மனு குடுத்தாங்க, ஸ்பீடு பிரேக்கர் போட்டாங்க, நல்ல விசயந்தான். போட்டு நாலு மாசத்துல பிரேக்கருக்கு ரெண்டடி முன்னாடி, சரியா எடது டயர் போற தடத்துல ஒரு கிண்ணம் அளவுக்குத் தார் பேந்துச்சு, தீவாளிக்குள்ள அது அண்டா ஆயிருச்சு. டீக்கடை அண்ணன் சொல்றாரு, "இது குழி இல்ல தம்பி, புத்து. மூட மூட எந்திரிக்குது"ன்னு. அவரு கேலிக்குச் சொன்னாலும் எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ரோடு முழுக்க விட்டுட்டு அது ஏன் அந்த எடத்துலயே எந்திரிக்கணும்?

ரோடுன்னா நம்ம கண்ணுக்குத் தெரியுறது கறுப்பா ஒரு தோலு. நம்ம மாதிரி உள்தெரு ரோட்டுல அந்தத் தோலு ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் இருக்கும். லாரியைச் சுமக்குறது அது கெடையாது. அதுக்குக் கீழ ஜல்லி, ஜல்லிக்குக் கீழ கிராவல், கிராவலுக்குக் கீழ நம்ம ஊர் மண்ணு. தலையில தண்ணிக் கொடம் வைக்குறப்ப சும்மாடு வச்சுக்குவாங்கள்ல, கொடத்தோட குண்டி ஒரே எடத்துல குத்தாம எடையைப் பரப்பி விடும், அந்த வேலையைத்தான் ஜல்லியும் கிராவலும் செய்யுது. உள்ளங்கை அகலத்துல டயர் அழுத்துற எடையை, மண்ணுக்குப் போய்ச் சேர்றப்ப ஒரு கட்டில் அகலத்துக்குப் பரப்பி விட்டுரும். மேல இருக்குற கறுப்புத் தோலோட முக்கியமான வேலை தண்ணியை உள்ள விடாம இருக்குறது. ஒரு வகையில அது ரோட்டோட கூரை.

தாருன்னு நாம சொல்றதும் நெஜமான தாரு கெடையாது, இது சும்மா ஒரு தகவல். தாருங்குறது நிலக்கரியிலேருந்து வர்றது. இப்ப ரோட்டுல ஊத்துறது பிட்டுமென், கச்சா எண்ணெய்லேருந்து பெட்ரோல் டீசல் எல்லாம் எடுத்தபெறகு அடியில மிஞ்சுற கசடு. ஆனா டிரம்மைப் பாத்து பிட்டுமென்னு சொன்னா ரோலர் டிரைவரே சிரிப்பாரு, அதுனால தாருன்னே வச்சுக்குவோம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மதுரையைச் சுத்தி நமக்குக் கெடைக்குற ஜல்லி பெரும்பாலும் கிரானைட் வகைக் கல்லு, மேலூர்ப் பக்கம் பாத்திருப்பீங்க. அதுல சிலிக்கா ஜாஸ்தி. சிலிக்காவுக்குத் தாரைப் பிடிக்குறதை விட தண்ணியைத்தான் ரொம்பப் பிடிக்கும். கல்லு காஞ்சு சூடா இருக்குறப்ப தாரு நல்லா ஒட்டும், ஆனா அப்புறமா தண்ணி கெடைச்சு ஊற ஊற, கல்லுக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி பைய நுழைஞ்சு தாரைக் கெளப்பி விட்டுரும். வேர்த்த நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா, அதே கதைதான். இதுக்கு லேப்ல ஒரு டெஸ்ட்டே இருக்கு, தார் பூசுன ஜல்லியை 40 டிகிரி தண்ணியில 24 மணி நேரம் ஊற வச்சு, எம்புட்டுக் கல்லு அம்மணமாச்சுன்னு கண்ணால பாத்துச் சொல்லுவாங்க, 5 சதவீதத்துக்கு மேல போனா அந்த ஜல்லி சரியில்ல. சுண்ணாம்புக் கல்லா இருந்தா இந்தப் பிரச்னை கொறவு, அதுனாலதான் சில எடத்துல கலவையில கொஞ்சம் சுண்ணாம்பையே சேத்துக்குறாங்க.

வெறும் ஊறலுக்கே இந்தக் கதின்னா, ஊறுன எடத்துல லாரி ஏறுனா? லாரி டயர்ல காத்து சுமாரா 100 பி.எஸ்.ஐ இருக்கும். தார்ல ஒரு கீறல் விழுந்து அதுக்குள்ள தண்ணி நிக்குதுன்னு வைங்க, டயர் மேல ஏறுன ஒடனே அந்தத் தண்ணி நசுங்காது, தண்ணியை அமுக்க முடியாதுல்ல, அது பக்கவாட்டுல பிச்சுக்கிட்டு ஓடும். டயர் தாண்டுன அடுத்த நொடி உள்ள ஒரு உறிஞ்சல். அமுக்கு, உறிஞ்சு, அமுக்கு, உறிஞ்சு, சைக்கிள் பம்பு கணக்கா. ஒவ்வொரு தடவயும் ஜல்லிக்கு நடுவுல இருக்குற பொடி மண்ணு கரைஞ்சு வெளிய வரும். மழை விட்டு காஞ்சதும் கீறலைச் சுத்தி செவப்பாவோ சாம்பலாவோ சேறு பீச்சுன கறை தெரிஞ்சா, அங்க அடியில இருந்தது வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம், மேல தார் அப்படியே இருந்தாலும் அது வெறும் அப்பளம். அதுக்கப்புறம் தார் வறண்ட கம்மாத் தரை மாதிரி கட்டம் கட்டமா வெடிக்கும், ஒரு கட்டம் பேந்துச்சுன்னா பக்கத்துக் கட்டத்துக்குப் பிடிமானம் போயிரும், குழி வந்துருச்சு.

இதுல டூவீலர்க்காரங்களைத் திட்டுறதுல அர்த்தமே இல்ல. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 1958-லேருந்து 1960 வரைக்கும் தனியா ரோடு போட்டு, ராணுவ ஆளுகளை டிரைவரா வச்சு லாரியை ராவும் பகலும் சுத்த விட்டுப் பாத்தாங்க, அதுல கெடைச்ச கணக்கு என்னன்னா ஒரு ஆக்சில், அதாவது சக்கரம் மாட்டுற குறுக்கு அச்சு, சுமக்குற எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு ஆகுற சேதம் ரெண்டு மடங்கு இல்ல, சுமாரா பதினாறு மடங்கு. அதாவது எடையோட நாலாவது அடுக்கு. ஒரு டன்னு சின்ன காரை எடுத்துக்கிட்டா ஒரு ஆக்சிலுக்கு அரை டன்னு, ஜல்லி ஏத்துன டிப்பர் பின் ஆக்சில் பத்து டன்னு, இருபது மடங்கு, இருபதை நாலு தடவ பெருக்கிப் பாருங்க, 1,60,000 வருது. ஒரு டிப்பர் ஒரு தடவ போறதும் அந்தக் கார் ஒண்ணரை லட்சம் தடவ போறதும் ரோட்டுக்கு ஒண்ணுதான். 2018-ல நம்ம நாட்டுல நாலு டயர் ஆக்சிலுக்கு அனுமதிச்ச எடையை 10.2 டன்லேருந்து 11.5 டன்னா ஏத்துனாங்க. கேக்க ஒரு டன்னு சொச்சம்தான், இந்தக் கணக்குப்படி சேதம் ஒண்ணரை மடங்குக்கு மேல. புது வீடு கட்டுற தெருவுல மட்டும் ஏன் ரோடு சீக்கிரம் போகுதுன்னு இப்ப புரியுதா.

எங்க பிரேக்கருக்கு வருவோம். ரோடு போடுறப்ப நடுவுல மேடா, ரெண்டு ஓரமும் சரிவா போடணும், தார் ரோட்டுக்கு 2-லேருந்து 2.5 சதவீதம், அதாவது நடுவுலேருந்து ஓரத்துக்கு மூணரை மீட்டர்னா ஒரு ஏழெட்டு சென்டிமீட்டர் எறக்கம். தண்ணி ஓரத்துக்கு வந்து, ஓரத்தோடயே பள்ளத்தைப் பாத்து ஓடி வாறுகால்ல விழணும். இவுங்க பிரேக்கரை இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும், ஒரு கோடு பாக்கி இல்லாம, இழுத்து விட்டுட்டாங்க. ஓரத்துல வர்ற தண்ணிக்கு அது ஒரு அணை. வைகை அணைக்கு இருக்குற மாதிரி மதகு கூட இல்லாத அணை. மழை விட்டு மூணு நாளைக்கு அங்க தண்ணி கெடக்கும், மழை இல்லாத நாள்ல வீட்டுக் கொழா தண்ணியும் பாத்திரம் கழுவுன தண்ணியும் வந்து சேந்துரும்.

அதே எடத்துலதான் லாரிக்காரன் பிரேக் அடிக்குறான். பிரேக் அடிச்சா வண்டியோட எடை முன்னாடி சாயும், பஸ்ல நின்னுக்கிட்டு வர்றப்ப நாம முன்னாடி சாய்வோமே அந்த மாதிரி, முன் டயர் கீழயும் அழுத்துது முன்னாடியும் தள்ளுது, ரெண்டு சென்டிமீட்டர் தோலை இழுக்குற மாதிரி. சித்திரை வெயில்ல ரோடு மேல் சூடு 60 டிகிரியைத் தாண்டிரும், நாம போடுற தாரு 50 டிகிரி வாக்குல இளக ஆரம்பிச்சிரும். ஆக வெயில்ல இழுபட்டு கீறல் விழுது, ஐப்பசியில அந்தக் கீறல்ல தண்ணி நிக்குது, லாரி பம்பு அடிக்குது. பத்தாததுக்கு எங்க பிரேக்கர் விதிப்படி இருக்க வேண்டியது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஒசரம், பைய ஏறி பைய எறங்குற மாதிரி. இருக்குறது காளை மாட்டுத் திமிலு. ஏறுற வண்டி பொத்துன்னு விழுது.

அடியில வேற கரிசல். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் இருக்குறவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம், கோடையில கால் நுழையுற அளவுக்கு வெடிக்கும், மழை பேஞ்சா உப்பிக்கிட்டு மேல வரும். அந்த மண்ணுல இருக்குற களிமண் துகள் தகடு தகடா அடுக்கி இருக்கும், நடுவுல தண்ணி போனா தகடு வெலகும், காஞ்சா சேரும். ஒரு மண்ணு எம்புட்டு தாங்கும்னு பாக்க அதை நாலு நாள் தண்ணியில ஊறப் போட்டு ஒரு கம்பியை அழுத்திப் பாப்பாங்க, நல்ல நொறுக்கு ஜல்லிக்கு நூறு மார்க்குன்னா ஊறுன கரிசலுக்கு ரெண்டு மூணு மார்க் தேறுனா பெருசு. சும்மாடே தண்ணியில ஊறுன பஞ்சு ஆயிருச்சுன்னா கொடம் எங்க நிக்கும்.

மூணு தடவ மூடுனதையும் நான் பெஞ்சுல உக்காந்தே பாத்தேன். மொத தடவ மழைக்கு மறுநாள் வந்தாங்க. குழியில தண்ணி இருந்துச்சு, ஒரு ஆள் வெளக்கமாத்தால அதை வழிச்சு விட்டாரு, டிராக்டர்லேருந்து ஜல்லியும் தாரும் சூடா கலந்த ஹாட் மிக்ஸை ரெண்டு பாண்டு சட்டி கொட்டி மம்பட்டிப் பின்பக்கத்தால தட்டி, டிராக்டரையே ரெண்டு தடவ ஏத்தி எறக்கிட்டுப் போயிட்டாங்க. பத்து நிமிசம். அந்தக் கலவை 140, 150 டிகிரியில வந்து, 100-க்குக் கீழ எறங்குறதுக்குள்ள நல்லா இறுக்கணும், ஒரு லோடு கலவைன்னா சூடு நிக்கும், ரெண்டு சட்டி எம்புட்டு நேரம் தாங்கும்? இறுகாத கலவைக்குள்ள காத்து ஓட்டை இருக்கும், டிசைன் பண்றப்ப மூணுலேருந்து அஞ்சு சதவீதம்தான் ஓட்டை விடுவாங்க, மம்பட்டியால தட்டுன கலவை ஸ்பாஞ்சு மாதிரி, பழைய குழியில தண்ணி நின்னுச்சு, இப்ப ஒட்டுக்குள்ளயே தண்ணி நிக்கும். ஒண்ணரை மாசம் தாங்குச்சு.

முறையா செய்யணும்னா குழியைச் சுத்தி நல்ல ரோடு வரைக்கும் சதுரமா வெட்டி எடுக்கணும், ஓரம் செங்குத்தா இருக்கணும், சோத்துக் கரண்டி மாதிரி சரிவா இருந்தா ஓரத்துக் கலவை கத்தி முனை மாதிரி மெலிஞ்சு பேந்துரும். தூசி தட்டி, காய விட்டு, எமல்ஷன், அதாவது தண்ணியில கலந்த தாரு, அடிக்கணும். அது அடிக்குறப்ப காப்பி கலர்ல இருக்கும், தண்ணி ஆவியாகி கறுப்பானதும்தான் கலவையைக் கொட்டணும். அடுக்கடுக்கா இறுக்கி, கடைசியா ரோட்டை விட ஒரு நூலு மேடா விடணும், வண்டி ஓடி சமமாயிரும். இது ஒண்ணும் ராக்கெட் விடுற வேலை இல்ல, எல்லா ஓவர்சீருக்கும் தெரியும். ஆனா எஸ்டிமேட்டுல நீளம் அகலம் ஆழம்னு மூணு கட்டம்தான் இருக்கு, தண்ணி எங்கருந்து வருதுன்னு எழுத கட்டம் கெடையாது.

ரெண்டாவது தடவ மூட்டையில வந்து சூடாக்காமலே போடுற கோல்ட் மிக்ஸ், அது பரவாயில்ல, மூணு மாசம். மூணாவது தடவ நகராட்சிக்கு முன்னாடியே பக்கத்துல வீடு கட்டுறவரு மிஞ்சுன கான்கிரீட்டைக் கொட்டிட்டாரு, புண்ணியமாப் போகட்டும்னு. கான்கிரீட் வளையாது, சுத்தி இருக்குற தார் ரோடு வளையும், வளையுறதும் வளையாததும் சேருற ஓரத்துல புதுசா கீறல். இப்ப நடுவுல ஒரு மேடு, அதைச் சுத்தி அகழி மாதிரி குழி.

பிளாஸ்டிக் ரோடு போட்டா என்னன்னு கேப்பீங்க, அதுவும் நம்ம ஊர்ச் சரக்குதான். திருப்பரங்குன்றத்துல இருக்குற தியாகராசர் பொறியியல் கல்லூரியில வேதியியல் பேராசிரியரா இருந்த ஆர். வாசுதேவன் கண்டுபிடிச்சது, 2018-ல பத்மஸ்ரீ வாங்குனாரு. சூட்சுமம் என்னன்னா பிளாஸ்டிக்கைத் தார்ல கரைக்குறது இல்ல, கல்லு மேல பூசுறது. 160, 170 டிகிரி சூட்டுல இருக்குற ஜல்லி மேல நறுக்குன கேரி பேக்கைத் தூவுனா அது உருகி ஒவ்வொரு கல்லுக்கும் சட்டை போட்டுரும், அதுக்கு மேல தாரு. கல்லுக்குத் தண்ணி மேல இருக்குற ஆசைக்கு நடுவுல ஒரு தடுப்பு வந்துருச்சு, தாரும் பிளாஸ்டிக்கும் ஒரே எண்ணெய்க் குடும்பம், நல்லா ஒட்டிக்கும். பி.வி.சி மட்டும் சேக்கக் கூடாது, சூட்டுல அமிலப் புகை விடும். நல்ல யோசனை, எனக்கு இதுல பெருமைதான், ஆனா சட்டை போட்ட கல்லும் ஊறுன கரிசல் மேலதான உக்காரணும்.

போன ஐப்பசியில ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில நான் போறப்ப டீக்கடை அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கடப்பாரையோட நிக்குறாரு, பிரேக்கரோட எடது ஓரத்துல ஒரு சாண் அகலத்துக்கு ஒடைச்சு விட்டுட்டாரு. தேங்குன தண்ணி அந்த வழியா சலசலன்னு போய் வாறுகால்ல விழுந்துச்சு, அரை மணி நேரத்துல ரோடு காஞ்சு போச்சு. நான் படிச்ச கணக்கெல்லாம் அவருகிட்ட சொன்னேன். "அது தெரியாது தம்பி, தண்ணின்னா ஒரு வழி வேணும்ல"ன்னுட்டு டீ ஆத்தப் போயிட்டாரு. குழியைக் கல்லும் கிராவலும் போட்டு அவரே ரொப்பி விட்டாரு, அடுத்த மழைக்கும் பெருசா கரையல.

இந்த மாச அஜெண்டா வந்துருக்கு. பொருள் எண் 9: "பள்ளி அருகே மர்ம நபர்களால் சேதப்படுத்தப்பட்ட வேகத்தடையை முழுமையாகச் சீரமைக்க மன்றத்தின் அனுமதிக்கு." அண்ணன்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன். கடப்பாரையைக் கடைக்குப் பின்னாடி வச்சிருக்காராம்.