முற்போக்கு நோயா, முற்றும் நோயா?

ஆங்கிலத்தில் ‘ப்ரோக்ரஸிவ்’ (progressive, நாளாக நாளாக மோசமாகும்) என்று ஒரு நோய்க்கு முன்னால் வந்தால் போதும், மொழிபெயர்ப்பவர் கை தானாக ‘முற்போக்கு’ என்று எழுதிவிடுகிறது. ‘முற்போக்கான தண்டுவட நோய்’ என்று திருவாரூர், நாகைப் பக்கத்தில் படித்துக் காட்டினால் செங்கொடிதான் ஞாபகம் வரும். கூலி உயர்வுக்குப் போராடியவர்களின் சொல்லை நோய்க்குச் சூட்டுவானேன்?

மூலம் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைப்பது. நல்லதற்கா கெட்டதற்கா என்று அது சொல்வதில்லை. தமிழில் முற்போக்கும் முன்னேற்றமும் நல்ல பக்கமே சாய்ந்துவிட்டன.

இரண்டில் ஆபத்தானது ‘முன்னேற்றம்’தான். “நோயில் முன்னேற்றம் காணப்படுகிறது” என்று எழுதிக் கொடுத்தால், குணமாகிறது என்று நம்பி வீட்டார் பிசியோதெரபியை நிறுத்திவிடுவார்கள். எச்.டி.எல்.வி-1 (HTLV-1) என்ற வைரஸால் வரும் தண்டுவட நோயில் நடப்பதோ நேர் எதிர். 1985-இல் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவிலும், 1986-இல் ஜப்பானின் ககோஷிமாவிலும் இந்த வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே கண்டார்கள். முதலில் கால் விறைக்கும், இடுப்பு வலிக்கும், மூத்திரம் அடக்க முடியாது. மார்த்தினிக்கில் 14 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், நோய் தொடங்கி 6 ஆண்டில் ஒரு கைத்தடி, 13-இல் இரண்டு, 21-இல் சக்கர நாற்காலி. இவை இடைநிலைக் கணக்கு, அதாவது பாதிப் பேர் அந்தக் கட்டத்தை எட்ட ஆன காலம். ஆளுக்கு ஆள் மாறும்.

‘தீவிரமடையும்’ என்பாரும் உண்டு. அது நாலு நாளில் படுக்கையில் தள்ளும் காய்ச்சலுக்குப் பொருந்தும். ‘நாட்பட்ட’ என்பது காலத்தைச் சொல்லும், போக்கைச் சொல்லாது. போலியோவில் சூம்பிய கால் பல்லாண்டு அப்படியே இருக்கலாம். அது நாட்பட்ட பாதிப்பு.

சரியான சொல் வயலிலேயே கிடக்கிறது: முற்றுதல். கதிர் பால் பிடிக்கும், மணி முற்றும், பிறகு தலை சாயும். “சீக்கு முத்திப்போச்சு” என்பது எந்த அகராதியும் பார்க்காமல் வரும் பேச்சு. முற்றிய நோய் என்றால் கடைசிக் கட்டம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். ஆகவே ‘முற்றிவரும்’ என்று எழுத வேண்டும். முற்றிய கதிருக்கு அரிவாள், முற்றிவரும் கதிருக்கு இன்னும் தண்ணீர் வேண்டும். டெல்டாக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு தவறு, இந்தத் தண்டுவட நோயைப் ‘பக்கவாதம்’ என்று எழுதுவது. பக்கவாதம் உடம்பின் ஒரு பக்கத்தை முடக்கும். இங்கே விறைப்பதும் வலுவிழப்பதும் இரண்டு கால்களும். “இரு கால் விறைப்பு, ஆண்டுக்கு ஆண்டு முற்றிவருகிறது” என்று எழுதினால் எந்த வீட்டில் படித்தாலும் புரியும்.