கிராபிக்ஸ் கார்டு ஓவர்க்ளாக்கிங்: ஆபத்து ஸ்லைடரில் இல்லை

ஓவர்க்ளாக்கிங் என்றால் கார்டைத் தொழிற்சாலை வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவது. கோர் க்ளாக் (முதன்மைச் சிப்பின் வேகம்) ஸ்லைடரைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் கார்டு எரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். அந்தப் பயம் இடம் மாறி விழுகிறது. இன்றைய என்விடியா கார்டுகளில் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் வழியாக நீங்கள் கொடுக்கும் +100, +150 மெகாஹெர்ட்ஸ் என்பது வோல்டேஜை ஏற்றுவதே இல்லை. கார்டுக்குள் எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்று ஒரு வளைகோடு இருக்கிறது. அந்தக் கோடு மொத்தமாக மேலே நகர்கிறது, அவ்வளவுதான். அதே வோல்டேஜில் சிப் கூடுதல் வேகத்தில் ஓட முயல்கிறது. முடியாதபோது கணக்கு தப்புகிறது, டிரைவர் விழுகிறது, கேம் மூடிக்கொள்கிறது. சிப் எரிவதில்லை.

நிஜமான சேதம் வருவது வேறு நாலு இடங்களில்: மின்சாரக் கனெக்டர், மெமரிச் சூடு, பொருந்தாத வீபயாஸ் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்), சோதிக்காத செட்டிங்கை விண்டோஸ் தொடங்கும்போதே ஏற்றிவைப்பது. முதலிரண்டும் கார்டையே காவு வாங்கும்.

கனெக்டரிலிருந்து தொடங்குவோம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் 150 வாட். 8 பின்னில் 12 வோல்ட் கம்பிகள் மூன்று. 150 வாட்டைப் பங்கிட்டால் கம்பிக்கு ஏறக்குறைய 4.2 ஆம்பியர். வசதியான அளவு. புதிய 16 பின் கனெக்டரில் 600 வாட்டை ஆறு கம்பிகள் சுமக்கின்றன, கம்பிக்கு 8.3 ஆம்பியர். இங்கே தவறுக்கு இடம் மிகக் குறைவு. ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர்கள் உருகிய செய்திகள் வந்ததும், மறு வருடம் உணர்வு பின்களை (கனெக்டர் மாட்டியிருப்பதைக் கார்டுக்குத் தெரிவிப்பவை) குட்டையாக்கி 12வி-2×6 என்று திருத்தியதும் இதனால்தான். பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய வாட் வரம்பை) ஏற்றுமுன் கணினியை அணைத்து, அந்தக் கனெக்டர் இடைவெளியே தெரியாமல் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிள் வெளியே வந்து முதல் 3.5 சென்டிமீட்டர் வளையாமல் நேராக இருக்கட்டும். சும்மா சும்மா கழற்றி மாட்டவும் வேண்டாம்; இந்தக் கனெக்டருக்குச் சொல்லப்பட்ட ஆயுளே 30 முறைதான்.

8 பின் கார்டு என்றால், ஒரே கேபிளில் இரட்டைத் தலையாகத் தொங்கும் இணைப்பை இரண்டு சாக்கெட்டிலும் மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினியின் பவர் சப்ளை) தனித்தனி கேபிள் இழுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கணக்கிடும்போது கார்டின் சராசரி வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. சில மில்லிசெகண்டுகளுக்கு மட்டும் கார்டு இழுக்கும் மின்சாரம் சராசரியைவிட வெகுதூரம் எகிறும். பழைய எஸ்எம்பிஎஸ் சில அதைக் கோளாறு என்று எண்ணி மொத்தமாக அணைந்துவிடும்.

முதலில் அளவு, பிறகு மாற்றம்

எதையும் தொடாமல் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, கனமான கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டுங்கள். கேபினட் மூடி இருக்கட்டும். திறந்துவைத்து எடுத்த எண் எதற்கும் உதவாது. கோர் சூடு, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) சூடு, மெமரி சூடு, சராசரி க்ளாக், வாட், ஃபேன் வேகம், ஒரு பெஞ்ச்மார்க் ஸ்கோர் எல்லாம் வேண்டும்.

கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி இடைவெளி வழக்கமானது. 25-க்கு மேல் போனால் ஓவர்க்ளாக் யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். தெர்மல் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சீராக அழுந்தவில்லை. அதைச் சரிசெய்தாலே கார்டு தானாகக் கொஞ்சம் வேகமெடுக்கும்.

அடுத்து பவர் லிமிட்டையும் டெம்பரேச்சர் லிமிட்டையும் ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகத் தேவையில்லை. 5 சதவீதம் ஏற்றி வாட்டையும் சூட்டையும் பாருங்கள். ஃபேன் கர்வை 50 டிகிரியில் 35 சதவீதம், 70-இல் 60, 80-இல் 85 என்று வரையலாம். இறங்கும்போது 4 டிகிரி தாமதம் வையுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் ஏறி இறங்கி உயிரை வாங்கும்.

இனி கோர். +50-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 15 ஏற்றுங்கள். என்விடியாவில் டூரிங் முதல் ஏடா வரையான தலைமுறைகளில் (ஆர்டிஎக்ஸ் 20 முதல் 40 வரிசை வரை) க்ளாக் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத்தான் நகரும், அதனால் 7, 8 என்று நுணுக்கிப் பயனில்லை. ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடச் சோதனை. விழுந்த இடத்திலிருந்து 30 இறங்கி நில்லுங்கள், 15 அல்ல. இணையத்தில் யாரோ +200 போட்டார் என்று பார்த்து நீங்களும் போடாதீர்கள். அவருடையது சாதாரண மாடலாக இருக்கலாம்; உங்களுடையது தொழிற்சாலையிலேயே ஏற்கெனவே ஏற்றி அனுப்பிய மாடலாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது ஓடும்போது தெரியும் மெகாஹெர்ட்ஸை, கூட்டிய எண்ணை அல்ல.

மெமரி பொய் சொல்லும்

கோர் நேர்மையானது, முடியாவிட்டால் விழுந்துவிடும். மெமரி அப்படியல்ல. ஜிடிடிஆர்6, ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி வகைகளில் தரவு போகும் வழியில் பிழை வந்தால் அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. எனவே எல்லையைச் சற்றுத் தாண்டியபிறகும் பல நேரம் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. மறுபடி மறுபடி அனுப்புவதில் நேரம் போய் ஃப்ரேம் மட்டும் குறையும். +1200 போட்டுவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பீர்கள், +800-இல் கிடைத்ததைவிட ஸ்கோர் குறைவாக இருக்கும்.

ஆகவே கோரை அசைக்காமல், மெமரியை 100, 100-ஆக ஏற்றி ஒவ்வொரு முறையும் அதே பெஞ்ச்மார்க்கை மூன்று தடவை ஓட்டி நடு எண்ணை எழுதுங்கள். ஸ்கோர் ஏறுவது நின்று தட்டையாகும் இடம்தான் எல்லை. அதிலிருந்து 200 இறங்குங்கள். மெமரி வேகம் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிவதைக் கண்டு குழம்ப வேண்டாம். 14 ஜிகாபிட் ஜிடிடிஆர்6 ஆஃப்டர்பர்னரில் 7000 என்றும் ஜிபியூ-இசட்டில் 1750 என்றும் காட்டும். எல்லாம் ஒன்றுதான்.

ஜிடிடிஆர்6எக்ஸ் 110 டிகிரியில் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். 95-ஐ ஒட்டி வந்துவிட்டாலே மெமரியை ஏற்றுவது வீண் என்பது எங்கள் கணிப்பு. பின்பக்கத்திலும் மெமரிச் சிப்புகள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3090 போன்றவற்றில் இது சீக்கிரமே வரும். தெர்மல் பேட் மாற்ற நினைத்தால் தடிமனை அளந்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு கோரை விட்டு விலகும்.

எப்போது நிலையானது என்று சொல்வது

3டிமார்க் மென்பொருளின் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓடி 97 சதவீதம் வந்தால் தேர்ச்சி என்கிறது. அது ஃப்ரேம் சீராக இருந்ததைத்தான் சொல்கிறது. பிழை இல்லை என்று சொல்லவில்லை. ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் இன்னும் மோசமான அளவுகோல். அது மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுப்பதால் கார்டு பவர் லிமிட்டில் முட்டி க்ளாக்கை இறக்கிவிடும். நீங்கள் சோதிக்க நினைத்த உச்ச வேகத்துக்கு கார்டு போகவே போகாது. சூட்டைச் சோதிக்க அது போதும், க்ளாக்கைச் சோதிக்க உதவாது.

பலர் கவனிக்காமல் விடுவது எதிர்முனையை. கார்டு குளிர்ந்திருக்கும்போதும், கேம் மெனுவில் வேலை லேசாக இருக்கும்போதும்தான் க்ளாக் உச்சத்துக்குப் போகிறது. சூடேற ஏற அதுவே படிப்படியாக இறங்கும். ஒரு மணி நேரம் கனமாக ஓடித் தாக்குப்பிடித்த செட்டிங், மறுநாள் கணினியைப் போட்ட முதல் நிமிடத்தில் விழுவது இதனால்தான். எனவே சூடான நிலையில் ஒரு சோதனை, ஆறவிட்டு மறுபடி ஒன்று, லேசான கேம் ஒன்று, ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) உள்ளது ஒன்று என்று கலந்து ஓட்டுங்கள். ரே டிரேசிங்கில் சிப்பின் வேறு பகுதிகள் வேலை செய்வதால், சாதாரண கேமில் தாங்கிய க்ளாக் அங்கே கைவிடுவது சகஜம். மெமரிக்கு ஓசிசிடி மென்பொருளின் வீரேம் (கார்டின் மெமரி) சோதனை நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் இறக்கிவிடுங்கள்.

விழும் விதத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தால் விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். பெரும்பாலும் கோர். வண்ணப் புள்ளிகளும் கட்டங்களும் தெறித்தால் முதல் சந்தேகம் மெமரிமேல். கணினியே பட்டென்று அணைந்துவிட்டால் க்ளாக்கை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபிளையும் பாருங்கள்.

இத்தனையும் முடிந்து, ஒரு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்திப் பார்த்தபிறகே 'ஸ்டார்ட்அப்பில் ஏற்று' பொத்தானைத் தொடுங்கள். அவசரப்பட்டுப் போட்டுவிட்டு விண்டோஸ் உள்ளே போனதும் தொங்குகிறது என்றால், சேஃப் மோடில் நுழைந்து ஆஃப்டர்பர்னரை நீக்கலாம்.

இந்த எல்லாப் பாட்டுக்கும் கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம்: 60 ஃப்ரேம் 64 ஆகும். அதனால் நாங்கள் பலருக்கும் பரிந்துரைப்பது எதிர்த்திசையை: வோல்டேஜைக் குறைப்பது. சிப் இழுக்கும் வாட் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்துக்கு (வோல்டேஜ் × வோல்டேஜ்) ஏற்ப மாறும். அதே க்ளாக்கில் 1050 மில்லிவோல்ட்டை 900 ஆக்கினால் சிப்பின் இயக்க வாட் கணக்குப்படி கால்பங்குக்கும் மேல் குறையும். ஆஃப்டர்பர்னரில் கோர் க்ளாக்கை −250 ஆக்கி அப்ளை கொடுங்கள். கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தி வளைகோட்டைத் திறந்து, 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் வேண்டிய க்ளாக்குக்கு, ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 1800-க்கு, உயர்த்தி மறுபடி அப்ளை கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். சோதனை முறை மேலே சொன்னதுதான். லேப்டாப்பில் சிபியூவும் ஜிபியூவும் ஒரே ஹீட்பைப்பைப் பகிர்வதால், அங்கே முதலில் முயல வேண்டியது இதுவே.

ஏஎம்டி கார்டுக்கு அட்ரினலின் மென்பொருளே போதும். ஆனால் ஒருமுறை விழுந்ததும் அது செட்டிங்கைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடக்கூடும். ஓவர்க்ளாக்கில்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே நாள்கணக்கில் சோதிக்காமல், ஒவ்வொரு கிராஷுக்குப் பிறகும் எண்களைச் சரிபாருங்கள்.

வேறு மாடலின் வீபயாஸை ஏற்றுவது பற்றி ஒரே வரி: கார்டில் இரட்டை பயாஸ் சுவிட்ச் இல்லையென்றால் வேண்டாம்.

மாதங்கள் கழித்து, டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகோ கோடை தொடங்கியதுமோ கேம் மூட ஆரம்பித்தால், முதலில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து அதே இடத்தை மறுபடி விளையாடிப் பாருங்கள். அப்போதும் மூடினால் குற்றம் ஓவர்க்ளாக்கில் இல்லை. மூடாவிட்டால் கோரில் 15 இறக்கி, மெமரியில் 100 இறக்கி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதியுங்கள்.