தொடாமலே வேகவைக்கிற கரன்ட்

கரன்ட் வேலைன்னாலே எல்லாரும் பயப்படுறது ஷாக்குக்குத்தான், கம்பியத் தொடலேன்னா தப்பிச்சோம்னு ஒரு நெனப்பு. ஆனா பெரிய பேனல் முன்னாடி நிக்கிறவங்களுக்கு எதையும் தொடாமலே தோல் வெந்துபோக ஒரு வழி இருக்கு, அதுதான் ஆர்க் ஃபிளாஷ்.

ஒரு ஸ்பேனர் கை நழுவி ரெண்டு பஸ்பாருக்கு, அதாவது பேனலுக்குள்ள கரன்ட் போற தடிச்ச செம்புப் பட்டைக்கு நடுவுல விழுதுன்னு வைங்க. பட்டுன்னு ஷார்ட் ஆகி, ஒட்டிக்கிட்டிருந்த முனை உருகி ஆவியாயிடும். சரி, நடுவுல இருந்த இரும்புதான் போயிடுச்சே, கரன்ட் நின்னுடணுமே? நிக்காது. சும்மா இருக்கிற காத்து கரன்ட விடாதுதான், ஆனா அந்தச் சூட்டுல காத்தும் உலோக ஆவியும் சேர்ந்து பிளாஸ்மாவா, அதாவது மின்னேறின வாயுவா மாறிடும், பிளாஸ்மா கரன்ட நல்லாவே கடத்தும், அப்புறம் ஸ்பேனரே தேவையில்ல, காத்து வழியாவே ஓடும், ஓட ஓட இன்னும் சூடாகும். உள்ள 19,000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகலாம். சூரியனோட மேற்பரப்பே சுமார் 5,500 தான்.

தண்ணி ஆவியானா சுமார் 1,700 மடங்கு விரியும், செம்பு சுமார் 67,000 மடங்கு. அதனாலதான் வெறும் நெருப்பா இல்லாம வெடியாவே அடிக்குது, பேனல் கதவு பறக்குது, உருகின செம்பு துளித்துளியாத் தெறிக்குது.

ஷார்ட் ஆனா கரன்ட தானா நிறுத்துற பிரேக்கர் ட்ரிப் ஆகாதான்னு கேப்பீங்க. ஆகும், ஆனா எப்போங்கிறதுலதான் சிக்கலே. காத்து வழியா ஓடுற இந்த ஆர்க்குக்குன்னு ஒரு ரெசிஸ்டன்ஸ் (கரன்ட தடுக்குற குணம்) இருக்கு, அதனால நேரடி ஷார்ட்ல ஓடுற அளவுக்கு இதுல கரன்ட் ஓடாது. பிரேக்கரோ கரன்ட் கம்மியா இருந்தா நிதானமாத்தான் விழும். போதாக்குறைக்கு, கீழ இருக்கிற சின்ன பிரேக்கர் மொதல்ல விழட்டும், பில்டிங் முழுக்க இருட்டாக வேணாம்னு மெயின் பிரேக்கர்ல வேணும்னே கொஞ்சம் லேட் வச்சிருப்பாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா மேல விழுற சூடு நேரத்தோட அப்படியே ஏறும்: 0.05 செகண்டுல நிக்க வேண்டியது 0.5 செகண்ட் இழுத்தா 10 மடங்கு. தோல் கொப்புளிக்க சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி போதும்னு கணக்கு. ஒரு கிராம் தண்ணிய 1.2 டிகிரி ஏத்துற சூடு, அவ்ளோதான்!

அதுலயும் பாலியஸ்டர் சட்டைன்னா உருகி தோலோட ஒட்டிக்கும். சாதா காட்டன் உருகாது, ஆனா பத்திக்கும், அதான் ஆர்க் ரேட்டிங் போட்ட, அதாவது ஆர்க் சூட்ட எவ்ளோ தாங்கும்னு சோதிச்ச துணியும் ஃபேஸ் ஷீல்டும்.

ஸ்பேனரவிட அமைதியான வில்லன் ஒண்ணு இருக்கு, மல்டிமீட்டர். முன்னாடி ஆம்பியர் பாத்துட்டு சிவப்பு லீட அந்த ஓட்டையிலயே விட்டுட்டு, இப்ப வோல்டேஜ் பாக்கன்னு கரன்ட் இருக்கிற ரெண்டு ஃபேஸ் கம்பியில வச்சா, மீட்டரே ஷார்ட் கம்பி மாதிரிதான், அதுவும் கைக்குள்ள.

அதனால ஆஃப் பண்ணிட்டுதான் வேலை. ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, பூட்டு போட்டு டேக் மாட்டி, சாவி வேலை செய்றவங்க பாக்கெட்லயே இருக்கணும், இல்லேன்னா வேற யாரோ தெரியாம ஆன் பண்ணிடுவாங்க. அப்புறம் டெஸ்டர மொதல்ல கரன்ட் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச எடத்துல வச்சுப் பாக்கணும், பிறகு இந்தப் பேனல்ல, திரும்பவும் பழைய எடத்துல. டெஸ்டரே பழுதாயிருந்தா அதுக்கு ஊர்ல எல்லாக் கம்பியும் ஆஃப்தான். மூணாவது டெஸ்ட் முடியுற வரைக்கும் அந்தப் பேனல்ல கரன்ட் இருக்குன்னே கணக்கு, ஷீல்டக் கழட்டக் கூடாது.