பரங்கிப்பேட்டை உலையை அணைத்த மரக்கரி

வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை, போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வணிகத்துக்கு வந்திறங்கிய சிறு துறைமுகம். 1781-இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதிய களம் என்றே வரலாற்று நூல்கள் இவ்வூரைக் குறிக்கின்றன. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய தொடக்ககால ஆலைகளுள் ஒன்று இங்கு நடந்தது என்பதையே நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-இல் அதைத் தொடங்கினார்.

ஊரில் இரும்புத்தாதும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது. ஆனால் சேலத்து மலைகளின் காந்தத்தாது எனும் இரும்புத்தாதுவைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரி, கொள்ளிடம் வழியே இறக்க முடிந்தது. கனமான சரக்கை மாட்டுவண்டியில் கொண்டுவருவதைவிட நீர்வழி மலிவு. வார்த்த இரும்பை இங்கிலாந்துக்கு அனுப்பக் கடலும் பக்கத்திலேயே இருந்தது.

ஊது உலையின் மேல்வாய் வழியே தாது, மரக்கரி, கிளிஞ்சல் ஆகியவற்றைக் கொட்டி, அடிப்பகுதியில் காற்றைச் செலுத்துவார்கள். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மேலேறி, தாதுவில் இரும்போடு பிணைந்திருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சேலத்துத் தாதுவில் குவார்ட்ஸ் எனும் படிகக்கல் மிகுதி. அது எளிதில் உருகாது. இங்கேதான் கடற்கரையின் பங்கு வருகிறது. கிளிஞ்சல் உலைச் சூட்டில் சுண்ணாம்பாகி, அந்தக் கல்லோடு வினைபுரிந்து, இளகிய கசடாக மாறும். கசடு இரும்பைவிட இலேசானது என்பதால் மேலே மிதக்கும். அடியில் தேங்கும் இரும்பைத் தனியே திறந்துவிட்டு வார்க்கலாம்.

மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு, ஆகவே இரும்பு தரமாக இருந்தது. எஃகு செய்வதற்காக இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டுக்கும் போனது. ஆனால் மரக்கரி எளிதில் நொறுங்கும். மேலிருந்து அழுத்தும் தாதுவின் பாரம் கூடினால் தூளாகிக் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். அதனால் உலையை மிக உயரமாகக் கட்ட இயலாது, உற்பத்தியும் பெருகாது. ஒரு டன் கரிக்குப் பல டன் விறகு வேண்டும். அருகிலுள்ள காடு குறையக் குறைய வண்டிகள் இன்னும் தொலைவு போக வேண்டியிருந்தது, கூலியும் ஏறியது. பிரிட்டனிலோ நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரி பாரத்தைத் தாங்கியது. உலைகள் உயர்ந்தன, இரும்பின் விலை இறங்கியது. நிறுவனம் பெயரும் முதலீட்டாளர்களும் மாறிப் பார்த்தும் கணக்கு நேராகவில்லை. 1860-களில் ஆலை நின்றுபோயிற்று. பரங்கிப்பேட்டையின் பிழைப்பு மீண்டும் மீன்பிடித் தொழிலையும் கடல் வணிகத்தையும் சார்ந்தது.