விரலுக்கும் திரைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டர்

வீடியோ கேமில் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் வீரன் தாவுகிறான். இடையில் நடக்கும் கணக்கையெல்லாம் போடும் கணினி எங்கே இருக்கிறது என்பதுதான் கன்சோலுக்கும் கிளவுட் கேமிங்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. கன்சோல் என்றால் டிவிக்குப் பக்கத்தில், ஒரு எச்டிஎம்ஐ கேபிளின் மறுமுனையில் இருக்கிறது. கிளவுட் என்றால் வேறு ஊரில், சில நேரம் வேறு நாட்டில். விலை, படத்தின் தெளிவு, டேட்டா செலவு, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு நம்மிடம் தங்குமா தங்காதா என்ற கேள்வி, எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

ஓர் அழுத்தலைப் பின்தொடர்ந்து பார்ப்போம். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. கன்சோலில், கன்ட்ரோலரின் சைகை கம்பியில்லா இணைப்பு வழியாகச் சில மில்லி விநாடிகளில் வந்து சேரும். விளையாட்டு அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த சில ஃபிரேம்களில் படத்தை வரையும், டிவி காட்டும். கிளவுடில் இவற்றோடு இன்னும் நான்கு வேலைகள் சேர்கின்றன. சைகை இணையம் வழியே, சேவையின் கணினிகள் இருக்கும் தரவு மையத்துக்குப் போக வேண்டும். வரைந்த படத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கியதைத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் போனோ டிவியோ அதை விரித்துக் காட்ட வேண்டும். சுருக்கவும் விரிக்கவும் சிப்பிலேயே தனிப் பகுதிகள் இருப்பதால் அவை விரைவில் முடிந்துவிடுகின்றன. போய்வரும் பயணம்தான் பெரிய தடை.

கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 1,000 கி.மீ. அப்படியானால் போய்வரக் குறைந்தது 10 மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,000 கி.மீ.க்கு மேல் நீள்கிறது, போய்வர 30. இது ஒளியின் கணக்கு மட்டுமே. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. தரவு மையத்தை ஆட்டக்காரருக்கு அருகே கொண்டுவரத்தான் முடியும். என்விடியா நிறுவனத்தின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ், தரவு மையத்துக்குப் போய்வரும் நேரம் 80 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும், 40க்குள் இருந்தால் நல்லது என்று சொல்வது இதனால்தான்.

சினிமா மட்டும் எங்கிருந்து வந்தாலும் தடையின்றி ஓடுகிறதே என்று கேட்கலாம். சினிமா ஏற்கெனவே எடுத்து முடிக்கப்பட்டது. அடுத்த அரை நிமிடத்துக்கான காட்சியை உங்கள் கருவி முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்ளும். இடையில் இணையம் சற்று விக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் அடுத்த அரை விநாடி இன்னும் பிறக்கவே இல்லை. அதை உங்கள் விரல்தான் தீர்மானிக்கப் போகிறது. சேமித்துவைக்க அங்கே எதுவும் கிடையாது.

பிறக்காத காட்சியை ஊகிக்கவும் முயன்றிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் 'அவுட்டாடைம்' ஆய்வு, ஆட்டக்காரர் அடுத்து என்ன செய்யக்கூடும் என்று கணித்து, சாத்தியமான பல காட்சிகளையும் முன்னரே வரைந்து அனுப்பிவைத்தது. உண்மையில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டதோ அதற்குரிய காட்சியைக் கருவி எடுத்துக் காட்டும். 120 மில்லி விநாடி வரையிலான தாமதத்தைக்கூட இப்படி மறைக்க முடிந்தது. மிக அழகான யோசனை. ஆனால் ஒரு காட்சிக்குப் பதில் பலவற்றை வரையவும் அனுப்பவும் வேண்டியிருப்பதால் கணினியின் வேலையும் டேட்டாவும் பெருகிவிடுகின்றன.

தாமதத்தைவிட மோசமானது தாமதத்தின் ஏற்ற இறக்கம். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் பஸ்ஸுக்கு ஏற்ப வீட்டிலிருந்து கிளம்பப் பழகிவிடலாம். இன்று சரியான நேரத்துக்கும் நாளை அரை மணி தாமதமாகவும் வரும் பஸ்ஸை என்ன செய்வது? மனித மூளை நிலையான 50 மில்லி விநாடிக்குப் பழகிக்கொள்ளும். 20க்கும் 120க்கும் இடையே குதித்தால் பழகாது. இதில் பெரும்பாலும் குற்றவாளி கடலடிக் கேபிள் அல்ல; நம் வீட்டு வைஃபை. பக்கத்து வீடுகளின் வைஃபையும் நம்முடையதும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும்போது பொட்டலங்கள் (தரவு பிரிந்து பயணிக்கும் சிறு துண்டுகள்) வரிசையில் நிற்கின்றன, சில தொலைந்தும் போகின்றன. தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்குவதற்குள் அந்த ஃபிரேமின் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே இத்தகைய சேவைகள் கொஞ்சம் கூடுதல் தரவைச் சேர்த்தே அனுப்புகின்றன. ஓரிரு பொட்டலங்கள் விழுந்தாலும் மீதியிலிருந்து படத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

படம் எப்படிச் சுருங்குகிறது என்பதையும் அருகிலிருந்து பார்க்க வேண்டும். 1920க்கு 1080 புள்ளிகள் அளவுள்ள ஒரு ஃபிரேம், சுருக்காத நிலையில் சுமார் 6 எம்பி. விநாடிக்கு 25 மெகாபிட் இணைப்பில், 60 ஃபிரேம் ஓடினால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 52 கேபி. நூற்றிருபதில் ஒரு பங்கு! ஹெச்.264, ஏவி1 போன்ற முறைகள் முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பி இதைச் சாதிக்கின்றன. சினிமாவைச் சுருக்கும்போது பின்னால் வரப்போகும் ஃபிரேமையும் பார்த்துச் சுருக்கலாம். இங்கே பின்னால் வருவதற்குக் காத்திருந்தால் தாமதம் ஏறும். மாறியதை மட்டும் அனுப்புவதால் அசையாத சுவர் பளிச்சென்று தெரியும். ஆனால் விளையாட்டில் மழை பெய்யும்போது புல்வெளி நடுவே நின்று கேமராவைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்: திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நேரத்தில் மாறுகிறது, 52 கேபி போதவில்லை, புல் பச்சைக் குழம்பாகிவிடுகிறது. இருண்ட குகைக் காட்சிகளில் கருமை கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரிவதும் இதே பற்றாக்குறையால்தான். கன்சோலின் கேபிள் இந்தச் சிக்கனத்தைக் கேட்பதில்லை.

டேட்டா கணக்கு எளிது. 25 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபிக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டம் பதினோரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மாதம் 3,300 ஜிபி தரும் வீட்டு ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலை இல்லை.

கிளவுடின் பெரிய வரம் விலை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் உள்ள மாடல் 49,990 ரூபாய். விளையாட்டுகளுக்குத் தனிச் செலவு. அந்தத் தொகையை ஒரே முறையில் எடுத்துவைக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, பழைய மடிக்கணினியில் மாதச் சந்தாவில் அதே விளையாட்டு ஓடுவது சாதாரண விஷயம் அல்ல. 100 ஜிபி பதிவிறக்கம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். விசிறியும் தூசியும் சூடும் நம் வீட்டுப் பிரச்சினை அல்ல.

ஆனால் சேவையை நடத்துபவருக்கு இந்தக் கணக்கு கடினமானது. ஒரே சினிமாக் கோப்பை ஒரு சர்வர் ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பலாம். விளையாட்டில் ஒவ்வொருவர் பார்ப்பதும் வேறு. ஒவ்வொருவருக்கும் கிராபிக்ஸ் சிப்பில் தனிப் பங்கு வேண்டும். ஓர் ஊரில் எல்லோரும் விளையாடுவது மாலை ஏழிலிருந்து இரவு பதினொன்று வரை. அப்போது அமெரிக்காவில் சும்மா கிடக்கும் சர்வர்களை நமக்குத் திருப்பிவிட முடியாது, தொலைவு விடாது. உச்ச நேரக் கூட்டத்துக்கு ஏற்ப சிப்புகளை வாங்கி அடுக்கிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அவை பாதி சும்மா இருப்பதைப் பார்க்க வேண்டும். ஜிஃபோர்ஸ் நவ் இலவசப் பயனரை வரிசையில் நிறுத்துவதற்கும், சந்தாதாரருக்கே மாதம் 100 மணி நேரம் என்று வரம்பு வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2010இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்லைவ் என்ற கிளவுட் கேமிங் சேவை 2015இல் மூடப்பட்டது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் 14 நாடுகளில் வந்தது. அதன் கன்ட்ரோலர் ஒரு நல்ல பொறியியல் வேலை: டிவியைச் சுற்றிப் போகாமல் வைஃபை வழியே நேரடியாகத் தரவு மையத்துடன் பேசி, ஒரு படியை மிச்சப்படுத்தியது. 2023 ஜனவரி 18 அன்று சேவை நின்றது. கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆனால் ஸ்டேடியாவில் மட்டும் வெளிவந்த 'அவுட்காஸ்டர்ஸ்' என்ற விளையாட்டு அதோடு போயிற்று. யாருடைய அலமாரியிலும் அதன் பிரதி இல்லை. எனக்கு இது பணத்தைவிடப் பெரிய இழப்பாகப் படுகிறது. ஒரு குழு உருவாக்கிய படைப்பு அது.

டிஸ்க் இருந்தால் தப்பித்தோம் என்றும் சொல்வதற்கில்லை. எப்போதும் சர்வருடன் இணைந்தே ஓடும்படி செய்யப்பட்ட 'தி க்ரூ' என்ற யுபிசாஃப்ட் விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டன. டிஸ்க் வைத்திருந்தவர்களும் விளையாட முடியவில்லை. டிஸ்க் டிரைவே இல்லாத கன்சோலில் எல்லாமே ஒரு கணக்கின் பெயரில் உள்ள உரிமம்தான். ஆகவே 'கன்சோல் என்றால் சொந்தம்' என்பது முழு உண்மையல்ல. இணையம் இல்லாமல் தனியாக ஓடும் விளையாட்டு, அதன் டிஸ்க், அதைப் படிக்கும் டிரைவ், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நண்பனுக்கு இரவல் கொடுக்கவும், பாதி விலைக்கு விற்கவும், பத்து வருடம் கழித்து எடுத்து ஓட்டவும் முடியும்.

எனவே சண்டை, துப்பாக்கி விளையாட்டுகளைப் போட்டி போட்டு ஆடுபவருக்குக் கன்சோல்தான். கதை சொல்லும் விளையாட்டுகளையும், முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளையும் கிளவுடில் தாராளமாக ஆடலாம். 40 மில்லி விநாடி அங்கே உறைக்காது. சந்தா கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சேவையின் இலவசப் பிரிவில், இரவு ஒன்பது மணிக்கு, வீட்டில் எல்லோரும் இணையம் பயன்படுத்தும்போது ஆடிப்பாருங்கள். முதலில் வைஃபையில், பிறகு ரவுட்டரிலிருந்து நேரடியாக லேன் கேபிள் போட்டு. டிவியில் ஆடினால், படத்தை மெருகேற்றும் வேலையைக் குறைக்கும் 'கேம் மோட்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் சில சமயம் மும்பைக்குப் போய்வரும் நேரத்தைவிட அதிகம். கேபிள் போட்டும் தாமத எண் குதித்துக்கொண்டே இருந்தால், எந்தச் சந்தாவும் அதைச் சரிசெய்யாது.