ரிலே: அஞ்சலா, உணர்த்தியா?

துணைமின் நிலையத்தில் ‘ரிலே ஆக்ட் ஆயிருக்கு’ என்றால், ரிலே என்ற காப்புக் கருவி எங்கோ பழுதைக் கண்டது, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்துகொண்டது என்று பொருள். இந்த ரிலேயைத் தமிழில் அஞ்சல் என்பதா, உணர்த்தி என்பதா? பழைய மின்காந்த ரிலேயில் கண்ணாடிக்குள் ஒரு சிறு கொடி விழுந்திருக்கும். எந்த ஃபேஸில் விழுந்தது என்று குறித்துக்கொண்ட பிறகே அதை ரீசெட் செய்ய வேண்டும். குறிக்காமல் விட்டால், லைனில் பழுது தேடப் போகிறவருக்குத் துப்பு எதுவும் மிஞ்சாது.

‘ரிலே’ என்ற சொல் பிறந்த இடம் வேட்டைக் காடு. துரத்தும் நாய்கள் களைத்ததும் மாற்றிவிட வழியில் நிறுத்திவைத்த புது நாய்களைப் பழைய பிரெஞ்சில் அப்படி அழைத்தார்கள். பிறகு பயணப் பாதையின் மாற்றுக் குதிரைகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. தந்தியில் நீண்ட கம்பி வழியே வரும் மின்னோட்டம் மெலிந்துவிடும். மெலிந்த அந்த ஓட்டத்தைக் கொண்டு ஒரு மின்காந்தத்தை இயக்கி, புதிய பேட்டரியின் சுற்றை மூடச் செய்யலாம் என்பதை 1835 வாக்கில் ஜோசப் ஹென்றி காட்டினார். களைத்த குதிரையின் இடத்தில் களைத்த மின்னோட்டம், பெயர் பொருந்திவிட்டது.

இந்தப் பொருளுக்குத் தமிழில் ‘அஞ்சல்’ நல்ல சொல். டில்லிச் செய்தியை நம் வானொலி நிலையங்கள் அஞ்சல் செய்தன. இலங்கையில் ரிலே ஓட்டம் அஞ்சலோட்டம். இரண்டிலும் வாங்கியதை அப்படியே அடுத்தவரிடம் கொடுப்பதுதான் வேலை.

மின்கட்டமைப்பைக் காக்கும் ரிலே அப்படி எதையும் கடத்துவதில்லை. அது அளக்கிறது, காத்திருக்கிறது, முடிவெடுக்கிறது. 11 கிலோவோல்ட் ஃபீடர் (ஊர்ப்பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ஒன்றில் 400/1 சி.டி. (400 ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைத்து ரிலேக்குக் காட்டும் மின்மாற்றி) இருக்கிறது, ரிலேயை 400 ஆம்பியருக்கு வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். பழுதில் 4,000 ஆம்பியர் பாய்ந்தால் அது வைத்த அளவைப் போல் 10 மடங்கு. மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும் வழக்கமான தலைகீழ் நேர வளைவில், அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் நேரப் பெருக்கி 0.1 எனில் ரிலே சுமார் 0.3 நொடியில் ஆணையிடும். 2 மடங்கு மட்டுமே பாய்ந்தால் ஏறக்குறைய 1 நொடி எடுத்துக்கொள்ளும். இதற்கு மேலே டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் உள்ள ரிலே, அதே பழுதுக்கு இன்னும் 0.3 நொடியாவது பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சுருக்கி வைத்தால் ஒரு தெருவின் பழுதுக்கு ஊரே இருண்டுவிடும்.

ஆகவே இங்கே ‘உணர்த்தி’தான் சரி. உணர்வது உணரி, உணர்ந்து மற்றொன்றுக்குத் தெரிவிப்பது உணர்த்தி. துண்டிக்கும் வேலை பிரேக்கருடையது. ரிலேயையே துண்டிப்பான் என்று எழுதுவோர் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். நடைமுறையிலும் இந்த வேறுபாடு பெரிது. ரிலேயின் ஆணை, பெரும்பாலும் 110 வோல்ட் டி.சி. பேட்டரி வழியாக, பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயிலுக்குப் போகிறது. பேட்டரி செத்திருந்தால் ரிலே சரியாக உணர்ந்தும் பிரேக்கர் அசையாது. மேலே உள்ள காப்பு செயல்படும்வரை பழுது எரிந்துகொண்டே இருக்கும்.

ரிலே தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும்? 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு மத்தியப் பிரதேசத்தின் 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் லைன் துண்டிக்கப்பட்டது. லைனில் பழுதே இல்லை. இத்தகைய லைனைக் காக்கும் தொலைவு ரிலே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கிறது. அந்தத் தூரத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மண்டலம் லைனின் சுமார் 80 விழுக்காடு வரை, உடனடிச் செயல். மூன்றாம் மண்டலம் அடுத்த லைன்களுக்குத் துணைக்காப்பு, தாமதச் செயல். அன்று சுமை மிகுந்து மின்னோட்டம் ஏறியது, மின்னழுத்தம் தாழ்ந்தது. வகுத்து வந்த எண் சிறுத்து மூன்றாம் மண்டலத்துக்குள் நுழைந்தது. ரிலே சுமையைப் பழுதென்று எடுத்துக்கொண்டது, வடக்குக் கட்டமைப்பு சரிந்தது. மறுநாள் அதே லைனில் தொடங்கி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சரிந்தன. தெற்கு அப்போது டி.சி. இணைப்புகளால் மட்டும் மற்றவற்றோடு பிணைந்திருந்ததால் தப்பியது.

திறன்மிகு மின்கட்டமைப்பில் (ஸ்மார்ட் கிரிட்) ரிலே ஒரு சிறு கணினி. அளவுகளைப் பதிவு செய்கிறது, ஒளியிழை வழியே அடுத்த ரிலேக்குச் சில மில்லி நொடிகளில் தகவல் அனுப்புகிறது. ‘அப்படியானால் அஞ்சல்தானே?’ என்று கேட்கலாம். அனுப்புவது தன் முடிவை. பிறரிடம் வாங்கியதை அல்ல.

கூரைச் சூரியமின் வந்தபின் ரிலேயில் வைத்த பழைய அளவுகள் பல பொருந்தாமல் போகின்றன. ஃபீடரில் மின்சாரம் எதிர்த்திசையிலும் பாய்கிறது. பக்கத்து ஃபீடரின் பழுதுக்கு இந்த ஃபீடரின் சூரியமின்னும் சேர்ந்து ஊட்ட, பழுதில்லாத ஃபீடர் துண்டிக்கப்படலாம். சூரியமின் ஊட்டும் பழுது மின்னோட்டம் கணிசமாக இருந்தால் அங்கே திசை பார்க்கும் ரிலே வேண்டும்.

கூட்டுச் சொற்கள் எளிதாகவே அமைகின்றன: மிகைமின்னோட்ட உணர்த்தி, தொலைவு உணர்த்தி, குறை அதிர்வெண் உணர்த்தி. பாடநூலிலும் செய்தியிலும் இவற்றை எழுதலாம். ஷிஃப்ட் பதிவேட்டில் மட்டும், பேனலில் ஒட்டியிருக்கும் பெயர் எதுவோ அதையே எழுத வேண்டும். இரவு 2 மணிக்கு அதைப் படிப்பவர் தேடப்போவது அந்தப் பேனலைத்தான்.